நிரந்தரப் பாரம்

எனக்கு முன்கோபம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இவன் ஏன் இப்படி எரிந்து விழுகிறான் என்று யாரும் கேட்க வேண்டாம். அதிலும் லிஃப்ட் என்ற சொல்லை யாராவது தப்பான இடத்தில் சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். ஒன்பது வருடம் லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தவன் நான். மாடிக்கு ஆளை ஏற்றி இறக்குகிற லிஃப்ட். கம்பிக்கயிறு, கதவு, மோட்டார், பாதியில் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து கத்துகிறவர்கள், இதுதான் என் உலகம். கம்பெனியை ஒருநாள் இழுத்து மூடினார்கள். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்தேன். அந்த மாதம் முடிவதாகவே இல்லை.

அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் வேலை பார்ப்பவர். ஒல்லி. கண்ணாடி மூக்கில் நிற்காது. அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் பழைய ஜீப் மாதிரி ஒரு பெரிய வண்டியை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஆற்றைக் கடக்குமாம், மலை ஏறுமாம், சேற்றில் இறங்கி அந்தப் பக்கம் எழுந்து வருமாம். எங்கள் பக்கத்தில் ஆறும் இல்லை, மலையும் இல்லை, தள்ளி ஒரு குன்று மட்டும் உண்டு. மழை பெய்தால் அவர் ஆபீஸ் வாசலில் ஒரு குட்டை தேங்கும். அதைத்தான் மனதுக்குள் ஆறாக வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

வண்டிக்கு ஒரே குறை, பின்பக்கம் தொங்கிப்போயிருந்தது. முன்னால் நின்று பார்த்தால் வண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்சக்கரத்து ஸ்பிரிங்கெல்லாம் களைத்துவிட்டன, மாற்ற வேண்டும், மாற்றும்போதே ரெண்டு இன்ச் உயரமாகவும் போட வேண்டும் என்று அத்தான் படித்துத் தெரிந்துகொண்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது, வண்டிக்கு லிஃப்ட் போடணும் என்றார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதுக்கென்னங்க, தம்பிதான் இருக்கானே."

இது வேறு லிஃப்ட், வண்டியைத் தூக்கி நிறுத்துவதற்குப் பெயர் அது, எனக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது என்று சொன்னேன். யார் கேட்டார்கள். ஒன்பது வருடம் லிஃப்டிலேயே கிடந்தவனுக்குத் தெரியாத லிஃப்டா என்று அக்கா முடித்துவிட்டாள். அத்தானும் தலையாட்டினார். அவருக்கு வித்தியாசம் தெரியும். தெரிந்தும் ஆட்டினார். தனியாக மெக்கானிக்கிடம் போகப் பயம் அவருக்கு.

கை கழுவப் போனேன். அடுப்படியில் அத்தான் குரல் கேட்டது. கூடாரம் வாங்கினால் வைக்க இடமில்லை, நான் இருக்கிற அந்த ரூம் காலியானால் தேவலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"எத்தன நாளைக்குத்தான் இந்தப் பாரத்தச் சுமக்கிறது?"

அக்கா ஏதாவது சொல்வாள் என்று குழாயை மூடிவிட்டு நின்றேன். அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அத்தான் சொன்னதைவிட அவள் சும்மா இருந்ததுதான் எனக்குச் சுட்டது. அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன். கட்டிக்கொண்டு எங்கே போவது?

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனோம். நான் பின்னால்தான் உட்கார்ந்தேன். கடைசியில் பக்கவாட்டில் ஒரு சின்ன மடக்கு சீட் உண்டு, அதில்தான் என் உடம்பு கொஞ்சமாவது அடங்கும். முன்சீட்டில் உட்கார்ந்தால் அத்தானால் கியர் போட முடியாது.

மெக்கானிக்குக்கு அரைநூல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறாக இருக்கும், அதைக் கேட்டவர்கள் யாருமில்லை. பட்டறைக்காரர்கள் இன்ச்சை எட்டாகப் பிரித்து ஒன்றை நூல் என்பார்கள். இவருக்கு அந்த நூலும் போதாது. எதை அளந்தாலும் அரை நூல் இடிக்கிறது என்பார். காதில் பென்சில், இடுப்பில் டேப். பெரிய டாக்டர் வார்டுக்குள் வருகிற மாதிரி வண்டியைச் சுற்றி வந்தார். அத்தான் அவர் பின்னாலேயே நோயாளியின் சொந்தக்காரர் மாதிரி நடந்தார்.

சுற்றி முடித்ததும் அரைநூல் ஒரு பிரசங்கம் செய்தார். ஸ்பிரிங் தூக்கும், ஷாக் அப்சார்பர் அந்த ஆட்டத்தை அடக்கும். ஸ்பிரிங் மட்டும் புதிதாக இருந்து ஷாக் பழையதாக இருந்தால், வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்த அதிர்ச்சியை அடுத்த தெரு வரைக்கும் ஆடிக்கொண்டே போகும். ஆகவே இரண்டையும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். வண்டி உயர்ந்தால் ஷாக்கும் நீளமாக இருக்க வேண்டும். இவ்வளவும் சரிதான். லிஃப்டுக்கும் இதுதான் நியாயம், நானே தலையாட்டினேன். சுவரில் மூன்று விதமான ஸ்பிரிங் மாட்டியிருந்தது. வெறும் வண்டிக்கு ஒன்று, நடுத்தரம் ஒன்று, வீட்டையே கட்டி ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று.

"எது போடணும்னு நான் சொல்ல முடியாது சார். நீங்கதான் சொல்லணும். பின்னாடி நிரந்தரப் பாரம் என்ன?"

அத்தானுக்குப் புரியவில்லை. அரைநூல் விளக்கினார். ஒருநாள் ஏற்றி மறுநாள் இறக்குவது கணக்கில் வராது. வண்டி எங்கே போனாலும் பின்னாலேயே கிடப்பது எதுவோ அதுதான் நிரந்தரப் பாரம். தண்ணீர் டேங்க், டூல் பெட்டி, கூடாரம், கூடுதல் சக்கரம். அது தெரியாமல் ஸ்பிரிங் போட்டால் பாவம் தன்னைச் சேரும் என்றார்.

அத்தானிடம் அதில் ஒன்றுகூடக் கிடையாது. வண்டியில் அவர் வைத்திருந்தது ஒரு குடை. வெறும் வண்டி ஸ்பிரிங்கே போடுங்கள் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் வெறும் வண்டி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பட்டறையில் இன்னும் இரண்டு வண்டிக்காரர்கள் நின்றார்கள், அவர்கள் வண்டியில் சேறெல்லாம் அப்பியிருந்தது. அத்தான் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இவன்தான். என் மச்சான். எப்பவும் இருப்பான்."

எனக்கு வலித்தது. சிரிப்பு வருகிற இடம் என்று நீங்கள் நினைக்கலாம், அந்த வண்டிக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். முந்தின நாள் அடுப்படியில் சொன்னதையே இன்று நாலு பேர் முன்னால், மெக்கானிக் கேள்வி கேட்டதற்குப் பதிலாக, பொறுப்பாகச் சொல்கிறார். வாயைத் திறந்தால் பட்டறையே ரெண்டாகியிருக்கும். திறக்கவில்லை, இருக்கிற ஒரே கூரை அவருடையது.

அரைநூல் சிரிக்கவில்லை. அவருக்குப் பாரம் என்றால் பாரம், அது மூச்சு விடுகிறதா என்பது அவர் துறை இல்லை. என்னை ஏறச் சொன்னார், சக்கரத்து நடுவிலிருந்து மேல் வளைவு வரைக்கும் டேப் பிடித்தார். இறங்கச் சொன்னார், பிடித்தார். மறுபடி ஏறச் சொன்னார். சாப்பிட்டாச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். போய்ச் சாப்பிட்டுவிட்டு வாங்க, வெறும் வயிற்றில் அளந்தால் தப்பாகிவிடும் என்று அனுப்பிவைத்தார். நான் வந்ததும் திரும்பவும் ஏற்றி அளந்து, வண்டியின் பின்கதவில் சாக்பீஸால் நி.பா. என்று எழுதி, பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டார். அம்பு என் முழங்காலைக் காட்டியது.

நடுத்தர ஸ்பிரிங்கும் அதற்குச் சோடியான கெட்டி ஷாக்கும் மாட்டினார். மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி சொன்னார்.

"இது இந்தத் தம்பிக்காகவே பொறுக்கி எடுத்த சோடி சார். பாரம் மாறக் கூடாது. மாறுச்சுன்னா என்கிட்ட வராதீங்க."

வீட்டுக்குப் போகும்போது நான் இதுவரை எந்த வண்டியிலும் காணாத சுகத்தைக் கண்டேன். பள்ளம் வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. அத்தான் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே ஓட்டினார். வாசலில் நான் இறங்கினேன். வண்டி பின்னால் விசுக்கென்று எழுந்தது. முகப்பு விளக்கு தரையைப் பார்த்தது.

அத்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் தனியாக ஆபீஸ் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது ஆள் ஒருபக்கம், கண்ணாடி ஒருபக்கம். வேகத்தடையில் வண்டி பின்னங்காலால் உதைத்ததாம், சாப்பாட்டு டப்பா திறந்து சட்டையெல்லாம் குழம்பு. அன்றைக்கு அவர் அடுப்படியில் குரலைத் தாழ்த்திப் பேசவில்லை. நேராக என் ரூம் வாசலுக்கு வந்து, நாளைக்கு ஆபீஸ் வரைக்கும் வருகிறாயா என்று கேட்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் வண்டியோடு போவேன். ஆபீஸ் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் வண்டியோடு வருவேன். அவருடைய மேலதிகாரி ஒருநாள் எட்டிப் பார்த்து இது யார் என்று கேட்டதற்கு, அது வண்டியோட செட்டிங் சார் என்று அத்தான் சொன்னது என் காதில் விழுந்தது. வீட்டிலும் கவனிப்பு மாறிப்போனது. எனக்கு முட்டை இரண்டானது. நான் பாதியில் கை கழுவினால் அத்தான் முகம் வாடும். வெயிலில் நடக்காதே, வேர்த்துக் கரைந்துவிடுவாய் என்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டேப் எடுத்துக்கொண்டு வந்து என்னை வண்டியில் ஏற்றி அளப்பார். சரியாக இருந்தால் நாள் முழுக்கச் சிரித்த முகம். கூடாரப் பேச்சே இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. அதுதான் வெட்கக்கேடு. பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது.

அத்தான் ஆபீசுக்குப் போகாமல் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். உடம்பு எப்படி இருக்கிறது, கஞ்சி இறங்குகிறதா, இளைத்த மாதிரி இருக்கிறாயே என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"கேக்கிறது நீங்களா, உங்க ஸ்பிரிங்கா?"

அவர் கையை எடுத்துவிட்டார். கேட்டது எது என்று உண்மையிலேயே அவருக்கே தெரியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அன்று நான் அப்படி நினைக்கவில்லை. மறுநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், மணல் மூட்டைகளை என் சீட்டில் அடுக்கி, அவை சரியாமலிருக்க என் பழைய சட்டையை மாட்டி, பெல்ட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார். என் எடைக்குச் சரியாக நிறுத்து வாங்கி வந்திருந்தாராம். அந்தச் சட்டையைப் பார்த்ததும் என் மானம் கப்பலேறிவிட்டது. ஒரு மூட்டை மணலால் ஆகிற காரியம்தானே நான்.

அன்றைக்கே பழைய கம்பெனி ஆட்களுக்கெல்லாம் போன் போட்டேன். காய்ச்சல் இறங்குவதற்குள் வேலை கிடைத்துவிட்டது. குன்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில், லிஃப்ட் பராமரிப்பு வேலை. மெயின் ரோடு குன்றைச் சுற்றிக்கொண்டு போவதால் அந்த ஊர் வெகு தூரம், தினம் வந்து போக முடியாது. அது எனக்கு இன்னும் வசதியாகப் பட்டது. அத்தானிடம் சொன்னேன். அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, மூட்டை மழையில நனைஞ்சா கனம் ஏறிடுது மச்சான், நீ நனைஞ்சாலும் கனம் ஏற மாட்டே என்றார். அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நின்று கேட்கும் பொறுமை எனக்கு இல்லை. இனி வெறும் வண்டி ஸ்பிரிங்கை மாட்டிக்கொள்ளுங்கள், ரூமில் கூடாரத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

புது ஊரில் ஒரு சலவைக் கடைக்கு மேலே அறை. ஒன்று சொல்கிறேன் கேளுங்கள். லிஃப்ட் ரிப்பேர்காரன் போகிற கட்டிடம் எதிலும் லிஃப்ட் ஓடாது. ஓடினால் அவனை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? ஊரே லிஃப்டில் போக, நான் ஒருவன் மட்டும் டூல் பையோடு படியேறிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து சமைக்கத் தெம்பு இருக்காது. ரொட்டியைத் தண்ணீரில் தொட்டுத் தின்றுவிட்டுப் படுப்பேன். சில நாள் அதுவும் இல்லை. பேச ஆள் கிடையாது. கீழே இருந்து இஸ்திரிப் பெட்டி வைக்கிற சத்தம் மட்டும் வரும். அக்கா வீட்டுக்கு ஏங்கினேன், வாயைவிட்டுச் சொல்லாமல் ஏங்கினேன். அக்கா போன் செய்யும்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறேன், ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன் என்றேன். பின்னாலிருந்து அத்தான் இருமுகிற சத்தம் கேட்கும். அவர் பேசமாட்டார், நானும் கேட்கமாட்டேன்.

ஒரு ஞாயிறு காலை தெருவில் ஒரு வண்டிச் சத்தம். ஜன்னலைத் திறந்தால் அத்தான் வண்டி. கூரை வரைக்கும் சேறு. மூக்கு தரையில், பின்பக்கம் வானத்தில். யாரோ பின்சீட்டிலிருந்து இப்போதுதான் எழுந்துபோன மாதிரி நின்றது. அத்தான் இறங்கினார், கண்ணாடியைக் கயிறு போட்டுத் தலையில் கட்டியிருந்தார். அக்கா இறங்கினாள், தலைமுடியெல்லாம் புழுதி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படியில் பாதி இறங்கும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன். இத்தனை நாளா அந்த ஸ்பிரிங்கை மாற்றவில்லை? இப்படி ஓட்டினால் இடுப்பு எலும்பு என்னத்துக்கு ஆகும்? அக்காவையுமா இதில் ஏற்றிக்கொண்டு வருவது?

அக்காதான் பதில் சொன்னாள். நான் போன சேதி கேட்டு, வெறும் வண்டி ஸ்பிரிங்கை அரைநூலே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். அது என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதாம். மாட்டவும் விடமாட்டேன் என்கிறார் உன் அத்தான், ரூமைக் காலி பண்ணவும் விடமாட்டேன் என்கிறார் என்றாள். மணல் மூட்டையையெல்லாம் என்றைக்கோ இறக்கிக் கொட்டிவிட்டாராம்.

"ஏன் அத்தான்?"

அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நிரந்தரப் பாரம்னு நான்தான சொன்னேன். சொன்னா சொன்னதுதான்."

எங்காவது போய்ச் சாப்பிடலாம் ஏறு என்றார் அத்தான். பின்கதவைத் திறந்தேன். நி.பா. என்ற சாக்பீஸ் எழுத்து மழையில் அழிந்திருக்க வேண்டும், அதன்மேலேயே பெயிண்ட்டால் எழுதியிருந்தார்கள். அம்புக்குறியும் இருந்தது. என் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. இறங்கி, பாதியில் நின்றுவிட்டது.

அத்தான் குனிந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். சக்கரத்து நடுவில் வைத்து மேல் வளைவு வரைக்கும் பிடித்தார். நம்பாமல் அடுத்த பக்கம் போய் அங்கேயும் பிடித்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"நல்லா சாப்பிடுறேன்னு போன்ல சொன்னே."

நான் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டேன்.

"ஒன்றர நூல் எழுந்து நிக்குது மச்சான்."

அவர் குரல் உடைந்துவிட்டது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், மறைக்கவில்லை. என் உடம்பு குலுங்கி அழுததில் வண்டியும் குலுங்கியது. ஆனால் ஷாக் நல்ல ஷாக், ஒரு குலுக்கலுக்கு மேல் விடவில்லை, அடக்கிவிட்டது.

அத்தான் கண்ணாடியைத் துடைத்துக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். சாப்பாட்டுக் கடைப் பக்கம் திரும்பவில்லை. எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு, வீட்டுக்கு என்றார். நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறது என்றேன்.

"வேலைய யாரு விடச் சொன்னா? குன்றுக்குக் குறுக்கால கல்குவாரிப் பாதை இருக்கு. ஒரு ஓடை, ரெண்டு மேடு, ஒரு சேறு. முக்கா மணி நேரம். தெனமும் நானே கொண்டுவந்து விடுறேன்."

"தினமுமா?"

"பின்ன இந்த வண்டிய எதுக்கு வாங்கினேன்?"

ஓடை வந்தது. முழங்கால் அளவுகூட இருக்காது. அத்தான் அதன் முன்னால் வண்டியை நிறுத்தி, மூச்சை இழுத்து, தண்ணீரில் இறக்கினார். அந்தப் பக்கம் எழுந்து வந்தது வண்டி, அவர் சொன்ன மாதிரியே. ஒரு அலுங்கல் இல்லை. அக்கா முன்சீட்டிலிருந்து திரும்பாமலே ஒரு பெரிய ரொட்டிப் பொட்டலத்தைப் பின்னால் நீட்டினாள்.

"தின்னுடா. இன்னும் ஒன்றர நூல் இருக்கு."